எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவர்

மயிலாப்பூரில் ஒருவர் மனநல மருத்துவரைப் பார்க்கப் போவதானால் கையில் குடை இருக்கும். வெயிலுக்கும் அல்ல, மழைக்கும் அல்ல. எதிரே தெரிந்த முகம் வந்தால் சாய்த்துப் பிடிப்பதற்கு. நானும் குடையோடுதான் போனேன்.

கிளினிக் மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. கீழே பல் மருத்துவர். ஆகவே வாசல் கேட் வரைக்கும் யார் பார்த்தாலும் பல் வலி என்று நினைத்துக்கொள்வார்கள். ஆபத்தெல்லாம் மாடிப்படியில்தான். பத்தொன்பது படிகள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறியதில் இரண்டு தடவை தடுக்கினேன். மேலே பதினொரு நாற்காலிகளில் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கைபேசியில் குனிந்திருந்தார்கள். ஒருவருடைய கைபேசி அணைந்தே இருந்தது. அவர் அதையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்தேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு குரல் வந்தது.

"அட, பச்சை ஃபால்ஸ் சார்!"

செய்தித்தாளைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் மேட்சிங் சென்டர் வைத்திருந்த அண்ணாச்சி. ரவிக்கைத் துணி, லைனிங், புடவைக்கு அடிக்கரை தைக்கிற ஃபால்ஸ், நூல் இவைதான் அவர் வியாபாரம். என் மனைவிக்காக ஒரு பச்சைப் புடவையைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு மூன்று தடவை அலைந்திருக்கிறேன். ஆட்களின் பெயரை அவர் வைத்துக்கொள்வதில்லை. நிறம்தான் கணக்கு.

"நீங்களும் இங்கதான் காட்டுதீகளா?" என்றார், கல்யாண வீட்டில் விசாரிப்பதுபோல.

"இல்லை, பல்லுக்கு வந்தேன். கீழே கூட்டமாக இருந்தது."

"பல்லுக்குக் கீழ, மனசுக்கு மேல. பரவால்ல சார். மொத தடவ நானும் பல்லுன்னுதான் சொன்னேன். வாசல்ல எங்க கடைக்கு வார அம்மா ஒருத்தி நின்னுட்டாக. என்ன அண்ணாச்சின்னாக. பல்லு வலின்னேன். நானும் அங்கதான் போறேன் வாங்கன்னு கையப் புடிக்காத குறையா உள்ள கூட்டிட்டுப் போயிட்டாக. போன பிறகு என்ன செய்ய? ஆடுத பல்லு ஒண்ணு இருந்துச்சு, அதக் காட்டினேன். புடுங்கிட்டாரு."

வாயைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினார்.

"அந்தப் பல்லோட சரி. பொய் சொல்லுதத விட்டுட்டேன்."

அணைந்த கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் முதலில் சிரித்தார். பிறகு மற்றவர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; அந்த மாதங்களில் எனக்கு எதற்கும் வருவதில்லை. ஆனால் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கடைப் பலகையில் அம்மன் பெயர் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சட்டையின் மேல் எப்போதும் நாலைந்து நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கும், நெற்றியில் திருநீறு, மேல்பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். இப்போது கடை இருந்த கட்டடமும் இல்லை. இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அவரும் அசோக் நகருக்குக் கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். போனில் பேசிக்கொள்கிறோம், அதுவும் குறைந்துவிட்டது. நினைவில் இருப்பதை இப்போதே எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

எனக்கு வந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற மறு ஆண்டு, காலையில் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. உடம்பில் வலி இல்லை. காபி மண்ணாக இருந்தது. தினசரியின் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் எதையும் எண்ணிப் பார்க்கிறவன். ஓய்வூதியம் வருகிறது, பெண் நன்றாக இருக்கிறாள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மனைவி அருகில் இருக்கிறாள், வீடு சொந்தம். வரிசையாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு குறையும் வரவில்லை. குறை வராததே எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. காரணம் இல்லாமல் ஒரு மனிதன் எப்படி இவ்வளவு தாழ்ந்து போக முடியும்?

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். கிளினிக்கில் அல்ல, அடுத்த வாரம் அவர் கடையில், ஒரு வெள்ளை நூற்கண்டு வாங்கும் சாக்கில்.

"காய்ச்சல் வந்தா எந்தக் கொசு கடிச்சுச்சுன்னா தேடுவீக?" என்றார். "வந்துருக்கு. மருந்து திங்கணும். கொசுவ பொறவு பாத்துக்கிடலாம்."

அவர் அதற்குப் பெரிய பெயர் எதுவும் வைக்கவில்லை. 'அது' என்பார். அது வந்திருக்கிறது, அது போய்விட்டது, அது எட்டிப் பார்த்தது. இளவயதிலிருந்து நாலு தடவை அவரிடம் அது வந்து தங்கியிருக்கிறது. இரண்டாம் தடவை கடையை விற்றுவிடுவதென்று முடிவே செய்துவிட்டாராம். அவருடைய மனைவி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. விற்கலாம், பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கல் கழிந்ததும், ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்றார். "ஆடி வந்துச்சு, நானே மரக்கடைக்குப் போயி புது ரேக்குக்கு ஆர்டர் குடுத்தேன். அவ அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. சிரிச்சுட்டு உள்ள போயிட்டா."

அவர் தொழிலில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புடவையைக் கொண்டுவந்தால் ரவிக்கைத் துணியைக் கடைக்குள் வைத்துச் சேர்த்துப் பார்க்க விடமாட்டார். இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, வெயில் விழும் இடத்தில் நின்று விரித்துப் பார்ப்பார். டியூப்லைட் வெளிச்சத்தில் சேர்கிற நிறம் வெயிலில் சேராது. சேராவிட்டால் கொடுக்கமாட்டார், வாடிக்கையாளர் கெஞ்சினாலும். அவரிடம் சிவப்பில் மட்டும் இருபத்திரண்டு ரகம் இருந்தது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து எண்ணினேன். இருபத்திரண்டையும் காட்டிவிட்டு, "இல்ல தாயி, பாண்டி பஜார்ல பாருங்க" என்று அனுப்பிவிடுவார்.

மனசு சரியில்லாத நாட்களில் அவர் ஷட்டரைப் பாதிதான் தூக்குவார். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வியாபாரம் உண்டு, பேச்சு கிடையாது. தெருவில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. பூக்காரம்மா, "இன்னிக்குப் பாதி ஷட்டர்தான், ஒண்ணும் கேக்காத, வாங்கிக்கினு வந்துடு" என்று மற்றவர்களுக்குச் சொல்லி அனுப்புவாள்.

"முழுசா மூடினா அது உள்ள வந்து பாய விரிச்சுரும் சார். முழுசாத் தொறக்க நம்மால முடியாது. அதனால பாதி. குளிப்பேன், பல்லு தேய்ப்பேன், பாதி தொறப்பேன். அன்னைக்கு அவ்வளவுதான் நம்ம வேல. அதுக்கு மேல செஞ்சா போனஸு."

நான் இதை வீட்டில் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் என் மனைவி முகத்தைப் பார்த்தால், "இன்றைக்குப் பாதி ஷட்டர்" என்பேன். குளிப்பேன், சாப்பிடுவேன், குளத்தை ஒரு சுற்று சுற்றி வருவேன், அதற்கு மேல் என்னைக் கேட்காதே என்று அர்த்தம். அதுவரை அவள் என்ன ஏது என்று தெரியாமல் சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கிடைத்ததும் அவளுக்கும் பாதி பாரம் இறங்கியது. மருந்து தன் வேலையை மெதுவாகச் செய்தது. மூன்றாம் மாதத்தில் ஒருநாள் காபியில் சர்க்கரை அதிகம் என்று எனக்குத் தெரிந்தது.

கடைக்கு வரும் மாமி ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கபாலி கோயில் தெற்கு மாட வீதிக்காரர். அண்ணாச்சி ஒரு வாரம் கடையை மூடியிருந்துவிட்டுத் திறந்தபோது, நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், மாமி வந்து, "என்ன அண்ணாச்சி, ஊருக்குப் போயிருந்தேளா?" என்று கேட்டார்.

"இல்ல மாமி. மனசு சரியில்ல. டாக்டர் மருந்த மாத்திக் குடுத்தாக. படுத்துருந்தேன்."

மாமி இருபுறமும் பார்த்தார். "இதெல்லாம் இப்படி வெளில சொல்லிண்டு இருப்பாளா? காய்ச்சல்னு சொல்லிட்டுப் போகப்படாதோ?"

"காய்ச்சல்னா நீங்க கஷாயம் கொண்டாந்துருவீக. அதையும் குடிக்கணும்லா."

மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார். பழுப்பு நூல் வேண்டுமென்றார். அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். மாமி போகவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஊசிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்த டாக்டர் பொம்மனாட்டியா, அண்ணாச்சி?"

"ஆமா மாமி. நல்லாக் காது குடுத்துக் கேப்பாக."

"மாடின்னேளே. கீழ யார் இருக்கா?"

"பல் டாக்டர்."

"அப்ப சரி," என்றார் மாமி.

இப்படி எத்தனை பேர் பழுப்பு நூல் வாங்கினார்கள் என்று நான் எண்ணத் தொடங்கி, கணக்கு விட்டுப்போய்விட்டது. கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். பிரசவமாகி மூன்று மாதமான ஒரு பெண் குழந்தையோடு வந்து, ரவிக்கைத் துணியைப் பார்க்கிற மாதிரி நின்று அழுதாள். அண்ணாச்சி யாருக்கும் வைத்தியம் சொல்லவில்லை. "எனக்கு இப்படி இருந்துச்சு, இந்த டாக்டர்ட்ட போனேன், சரியாச்சு," அவ்வளவுதான். மூட்டு வலியைச் சொல்கிற குரலில் சொல்வார். அந்தக் குரல்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. கவலைப்படுவதற்கு எனக்கு எப்போதும் ஒன்று கிடைத்துவிடும். இத்தனை பேர் ஒரு மனிதர்மேல் சாய்ந்தால் அவர் எதன்மேல் சாய்வார்? மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். இல்லைதான்.

அந்த ஆண்டு ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. ஆறு நாளும் அண்ணாச்சி விரதம் இருப்பார். திருச்செந்தூர் முருகன்தான் அவர்கள் குலத்துக்கு எல்லாமே. சஷ்டி முடிந்தும் நன்றாகத்தான் இருந்தார். வழக்கத்தைவிட நன்றாகவே இருந்தார். கார்த்திகை போய் மார்கழி வந்தது. மயிலாப்பூரில் மார்கழி என்றால் கச்சேரிக்குப் போகும் பட்டுப்புடவைகள் எல்லாம் பீரோவிலிருந்து இறங்கும். எல்லாவற்றுக்கும் ரவிக்கை வேண்டும். அவர் கடையில் கால் வைக்க இடமிருக்காது. ஷட்டர் உச்சிவரை தூக்கியிருந்தது.

மாமி தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு மாம்பழ நிறப் பட்டும் ஒரு ரவிக்கைத் துணியும்.

"இதப் பாருங்கோ. சேராதுன்னு எனக்கே தெரியறது. அண்ணாச்சி சேரும்கறார். வெளில கொண்டுவந்துகூடப் பாக்கலை. எடுத்துக்கோங்க மாமின்னுட்டார்."

நான் கடைக்குப் போனேன். அவர் வெட்டிக்கொண்டிருந்தார், கொடுத்துக்கொண்டிருந்தார், எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும், "எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?" என்றேன்.

"நல்லா இருக்கேன் சார்," என்றார்.

இந்தக் கேள்விக்கு அவர் பத்து நிமிடத்துக்குக் குறைந்து பதில் சொன்னதே இல்லை. தூக்கம், பசி, மலச்சிக்கல், மருந்தால் வாய் உலர்வது, மைத்துனன் பேசியது, எல்லாம் வரும். இன்றைக்கு மூன்று வார்த்தை. கண்கள் என்னைப் பார்க்கவில்லை. சட்டையில் ஒரு நூல் துணுக்குகூட இல்லை. அதைக்கூட யோசித்துக்கொண்டு வீடு வந்தேன்.

நாலாம் நாள் கடை திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கும் மறுநாள் முற்பகலில் அவருடைய மனைவி என் வீட்டு மணியை அடித்தார். அதற்கு முன் அவரோடு நான் பேசியது மிகக் குறைவு. வாசலிலேயே நின்றார்.

"சார், செத்த வாறீகளா? இவுக எந்திரிக்க மாட்டேங்காக. ராத்திரி கண்ண மூடவே இல்ல. சுவத்தப் பாத்துப் படுத்துருக்காக. நான் இல்லாட்டி நீ கடைய நடத்திருவியான்னு நேத்துக் கேட்டாக."

நான் செருப்பை மாட்டினேன். மழை மூட்டமாக இருந்ததால் குடையை எடுத்துக்கொண்டேன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. அது என் வாழ்க்கையில் அபூர்வம்.

சித்திரக்குளத்துக்குப் பின்சந்தில் இரண்டு அறை வீடு. அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. டாக்டர் என்னை முதல் நாளில் ஒரு கேள்வி கேட்டிருந்தார், சுற்றி வளைக்காமல். அப்போது அது என்னை அதிரவைத்தது. பிறகு யோசித்தால், யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி அதுதான். அதையே கேட்டேன்.

"அண்ணாச்சி, செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

வாசற்படியில் நின்ற அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தோணுது சார்," என்றார் அண்ணாச்சி, சுவரிடம். "செய்யணும்னு எதுவும் யோசிக்கல. ஆனா தோணுது."

"சரி. நான் இங்கயேதான் இருப்பேன். மருந்து சாப்பிடறீங்களா?"

"இல்ல."

"எப்பலேருந்து?"

"சஷ்டிலேருந்து."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சஷ்டி தொடங்கும் முன்தினம், ஊர்ச் சொந்தக்காரர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள்: கேப்ஸ்யூலின் மேலுறை மாட்டெலும்பிலிருந்து எடுப்பது, விரதம் இருப்பவர்கள் கவனிக்கவும் என்று. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது கேப்ஸ்யூல். ஆறு நாள் வெங்காயம்கூடச் சேர்க்காத வயிற்றில் அதை எப்படிப் போடுவது? ஆறே நாள்தானே என்று நிறுத்தியிருக்கிறார். ஆறு நாளும் மனசு பூப்போல இருந்திருக்கிறது. ஏழாம் நாள் கேப்ஸ்யூலைக் கையில் எடுத்தபோது, முருகனுக்குக் கொடுத்த வயிற்றில் திரும்பவும் இதைப் போடுவானேன் என்று தோன்றியிருக்கிறது. போடவில்லை. மூன்றாவது வாரம் தலை சுற்றல், எரிச்சல். அதற்குப் பிறகு, அது.

"முருகன் உங்கள்ட்ட கேட்டாராக்கும்?" என்றார் மனைவி. கோபம் வந்துவிட்டது அவருக்கு. அது வந்ததே எனக்கு நிம்மதியாக இருந்தது. "எங்கிட்ட ஆறு நாளுன்னுதான சொன்னீக? தெனமும் கேட்டேனே, போட்டாச்சு போட்டாச்சுன்னீகளே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றேன். "யார்கிட்டயும் எதையும் மறைக்காத ஆளாச்சே நீங்க."

அவர் புரண்டு என்னைப் பார்த்தார். கண்கள் குழிந்திருந்தன.

"அதான் சார். ஊரு பூரா சொன்ன வாயி இது. மருந்து தின்னு, சரியாயிரும், சரியாயிரும்னு. இப்ப நானே விழுந்து கெடக்கேன்னா அந்தப் பிள்ளையெல்லாம் என்ன நெனைக்கும்? கைப்பிள்ளையோட வந்தாளே, அவ மருந்தத் தூக்கிப் போட்டுட மாட்டாளா? அதனால ஷட்டர முழுசாத் தூக்கினேன்."

"நீங்க விழுந்தது மருந்தாலயா? நிறுத்தினதாலயா?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாமே என்று தோன்றியது. அந்த நிலையில் இருப்பவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை என்று எனக்குத் தெரியாதா? கிளினிக்குக்குப் போன் செய்தேன். உடனே கூட்டி வாருங்கள், தனியாக விடாதீர்கள் என்றார்கள்.

"அங்க எல்லாருக்கும் என்னத் தெரியும் சார்."

"அதுக்குத்தான் குடை கொண்டுவந்திருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்தார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்கள் மூவரையும் பார்த்தார். "இன்னா சார், பெரியவருக்கு ஒடம்பு சரியில்லையா? மெட்ரோவுக்குத் தோண்டி வெச்சுக்கீறான், சுத்திக்கினுதான் போவணும். குலுங்காம இட்டுனு போறேன்." சொன்னபடியே ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று நிதானித்து ஓட்டினார். நான் வழியெல்லாம் டாக்டர் கிளம்பிப் போயிருப்பாரோ, இவர் பாதியில் இறங்கிவிடுவாரோ, மனைவிக்கு மயக்கம் வருமோ என்று வரிசையாகக் கவலைப்பட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

பத்தொன்பது படிகளுக்கும் நடுவில் அண்ணாச்சி ஒரு முறை நின்றார். அவருக்கு முன்னால் நானும் பின்னால் அவர் மனைவியுமாக மேலே ஏற்றினோம். தோள் துண்டை முகம் வரை இழுத்து விட்டுக்கொண்டார். காத்திருப்பு அறையில் எல்லா நாற்காலியும் நிரம்பியிருந்தது. அவர் பின்வாங்கினார். அப்போது ஜன்னல் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தார். மாமி.

"இங்க உக்காருங்கோ அண்ணாச்சி. என் டோக்கனை நீங்க எடுத்துக்கோங்கோ. எனக்கு இன்னிக்கு ஒண்ணும் அவசரமில்லை."

"வேண்டாம் மாமி, நான்..."

"பேசாம உக்காருங்கோ. தப்பான ரவிக்கையைக் குடுத்தேளே, அன்னிக்கே எனக்குத் தெரியும். நானே வந்து கேட்டிருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தாமலே அவருடைய மனைவியிடம், "நடுவுல ஒரு தடவை எனக்கும் இப்படித்தான் ஆச்சு. நிறுத்திட்டேன். விழுந்தேன். மறுபடி ஆரம்பிச்சா சரியாப் போச்சு. பயப்படாதீங்கோ," என்றார்.

அறையில் வேறு பத்துப் பேர் இருந்தார்கள். இதெல்லாம் வெளியில் சொல்வார்களா என்று கேட்ட மாமி.

டாக்டர் சின்ன வயதுக்காரர். எல்லாவற்றையும் கேட்டார். என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டு, அவர் மனைவியிடம் வீட்டில் எதையெதை எட்டாமல் எடுத்து வைக்க வேண்டும், யார் கூட இருக்க வேண்டும் என்று சொன்னார். பிறகு கேப்ஸ்யூல் விஷயத்துக்கு வந்தார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, "சாமி விசயம்மா. படிச்சவுக, சிரிப்பீகன்னு சொல்லல," என்றார்.

"நான் எதுக்குங்க சிரிக்கப் போறேன்? எங்க வீட்டுலயும் சஷ்டி உண்டு," என்றார் டாக்டர். "உங்க மருந்து உறை போடாத மாத்திரையாவும் வருது. முன்னாடியே சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்திக் குடுத்திருப்பேன். கம்பெனில கேட்டு, சைவம்தானான்னு பாத்துட்டே எழுதறேன். பழைய அளவுல நீங்களா ஆரம்பிச்சுடாதீங்க. குறைச்சு ஆரம்பிச்சு ஏத்தலாம். அடுத்த சஷ்டிக்கு முன்னாடி வந்து என்கிட்ட சொல்லுங்க. நிறுத்தணும்னு தோணினா, நிறுத்தறதுக்கு முன்னாடி சொல்லுங்க. அது மட்டும் போதும்."

"உறை போடாததும் வருதா?" என்றார் அண்ணாச்சி.

"வருது."

அவர் மனைவி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். ஒரு மெல்லிய உறை. அதற்குள் ஒரு மனிதரும் ஒரு வீடும் போய் மாட்டிக்கொண்டு, இரண்டு மாதம் வெளியே வரத் தெரியாமல் கிடந்திருக்கிறார்கள்.

உடனே சரியாகிவிடவில்லை. டாக்டர் சொல்லியே அனுப்பினார், சில வாரங்கள் பிடிக்கும் என்று. அவர் மகன் கோயம்புத்தூரிலிருந்து விடுப்பு எடுத்து வந்து தங்கினான். பகலில் நான் போய் உட்காருவேன். மாமி கஷாயம் கொண்டுவந்தார். குடிக்கத்தான் வேண்டியிருந்தது. குளித்தாரா, பல் தேய்த்தாரா, எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று நான் தினமும் கேட்பேன். ஒன்றரை, இரண்டு, மறுபடி ஒன்று என்று ஏறியிறங்கிக்கொண்டிருந்தது. "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால், "அப்படியேதான் இருக்கு சார்" என்பார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. உண்மையாக இருந்தது. அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண் ஒருநாள் விஷயம் தெரிந்து வந்தாள். மருந்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு, "கொஞ்ச நேரம் வெச்சுக்கோங்க அங்கிள், கை வலிக்குது," என்று சொல்லி உள்ளே போய் அவர் மனைவியோடு காபி குடித்தாள். அவர் அசையாமல், குழந்தை விழித்துவிடுமோ என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொங்கல் போயிற்று. எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. மாத்திரை வேலை செய்யவில்லையோ, அளவு போதவில்லையோ, டாக்டர் எதையாவது கவனிக்காமல் விட்டிருப்பாரோ என்று எனக்கே தூக்கம் கெட்டது.

தை மாதத்தில் ஒருநாள் காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. அவர் மனைவியின் எண். அவ்வளவு காலையில் அந்த எண்ணைப் பார்த்ததும் பச்சைப் பொத்தானுக்குப் பதில் சிவப்பை அழுத்திவிட்டேன். திரும்ப நானே கூப்பிட்டேன்.

"சார், தூங்கிட்டு இருந்தீகளோ?"

"இல்லை. என்ன ஆச்சு? அண்ணாச்சி எங்கே?"

"தூங்குதாக."

"தூங்கறாரா?"

"நேத்து ஒம்பதுக்குப் படுத்தாக. இன்னும் எந்திரிக்கல. கொறட்டைன்னா கொறட்டை, தெருவுக்குக் கேக்கும். எத்தன மாசமாச்சு அந்தச் சத்தத்தக் கேட்டு. நான் ஒரு பொட்டு தூங்கல சார். அதக் கேட்டுக்கிட்டே கெடந்தேன்."

அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று போனில் தெரியவில்லை. பின்னால் தூரத்தில் அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது, மரம் அறுப்பதுபோல. நான் எண்ணாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், இருக்கீகளா?"

"இருக்கேன் அம்மா."

"எந்திரிச்ச பொறவு அவுகள்ட்ட ஒண்ணும் சொல்லிராதீக. எல்லாத்தையும் ஊருக்குச் சொல்லுவாக, இத மட்டும் ஒத்துக்கிட மாட்டாக. நான் கொறட்டையே விடலன்னு சண்டைக்கு வருவாக."